மணலிலிருந்து வந்த மோர்

பிழை எங்கே ஒளிந்திருந்தாலும் திருவம்பலத்தின் காது அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். ஆற்றங்கரை மடத்தில் பாட்டு ஓதுகிறவர்கள் சாமிக்குப் பயந்தார்களோ இல்லையோ, அவருக்குப் பயந்தார்கள்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஓதும்போது ஓர் எழுத்துப் பிசகினாலும் அந்த இடத்திலேயே திருத்திக்கொண்டு மேலே போகக் கூடாது. பாட்டின் முதல் அடிக்குத் திரும்பி வர வேண்டும். சாமிக்கு வைக்கிற படையலில் குறை இருக்கலாமா என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். திருவம்பலம் கண்ணை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். பிசகு விழுந்த மறுகணம், "முதல்ல இருந்து" என்பார். சத்தம்கூடப் போடமாட்டார். ஓதுகிறவருக்கு அதற்கே வேர்த்துவிடும்.

மடத்தின் குரு சங்கரியம்மை. திருவம்பலத்தைவிட வயதில் இளையவர். ஒரு பொம்பளை, அதுவும் சின்ன வயசுக்காரி, அவள் காலில் போய் விழுகிறாரே இந்த மனுஷர் என்று ஊரில் சிலர் பேசிக்கொண்டார்கள். திருவம்பலம் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. தன்னால் பிழை காண முடியாத ஒரே ஆள் அம்மைதான் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு நாள் காலையில் அவர் அம்மையிடம் வந்து நின்றார். அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மை, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்."

"பிள்ளைக்கு எழுத்து ஏற மாட்டேங்குது."

"எந்தப் பிள்ளைக்கு?"

"என் பிள்ளைக்குத்தான். உலகம்மைக்கு."

அம்மை நிமிர்ந்து பார்த்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் இப்படிக் கேட்டால் யாருக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

"வீட்டில சொல்லிக் குடுக்கீரா?"

"தினமும் குடுக்கேன் அம்மை. முற்றத்தில மணலப் பரப்பி உக்கார வச்சிருவேன். அ-வில ஆரம்பிச்சு நாலஞ்சு எழுத்து ஒழுங்கா எழுதுவா. அப்புறம் ஒண்ணு பிசகும்."

"பிசகுனா?"

"முதல்ல இருந்து எழுதச் சொல்லுவேன்."

"மறுபடியும் பிசகுனா?"

"மறுபடியும் முதல்ல இருந்துதான்."

அம்மை ஒரு இணுக்கை உருவி முறத்தில் போட்டார்.

"இப்போ எது வரைக்கும் எழுதுதா?"

திருவம்பலம் தரையைப் பார்த்தார். "இப்போ அ-வே எழுத மாட்டேங்கா."

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் வந்தது அதைச் சொல்ல மட்டும் இல்லை.

"எழுதாட்டாலும் போகுது அம்மை. தெருவில என் செருப்புச் சத்தம் கேட்டாலே பிள்ளை நெல்லுக் குலுக்கைக்குப் பின்னால போய் ஒளிஞ்சிக்கிடுது. நேத்து அவ அம்மா கூப்பிட்டும் வரலை. அங்கேயே சுருண்டு தூங்கிட்டா. தூக்கிப் படுக்க வைக்கப் போனேன். தூக்கத்திலயும் என் கையைத் தட்டி விடுதா."

 பெற்ற பிள்ளை தன்னைக் கண்டு ஒளிகிறது என்பதைவிட ஒரு தகப்பனுக்கு வேறு என்ன துக்கம் வேண்டும்?

அம்மை கேட்டார்: "பிள்ளை எழுதணும்னு வந்தீரா, வெளிய வரணும்னு வந்தீரா?"

"ரெண்டுக்கும்தான்."

அம்மை சிரித்தார். "சரி. அடுத்த பௌர்ணமி வரைக்கும் மௌனம் இரும்."

"மடத்தில ஓதணுமே அம்மை."

"மடத்தில ஓதும். வீட்டு வாசப்படி தாண்டிட்டா வாயத் திறக்காதேயும். என்ன வேணும்னாலும் மணல்ல எழுதிக் கேளும். கையால சாடை காட்டக் கூடாது. தலையாட்டக் கூடாது. நீரா போய் எதையும் எடுத்துக்கிடவும் கூடாது. குடுத்தா வாங்கிக்கணும். கேட்டது ஒண்ணு வந்தது ஒண்ணுன்னாலும் வந்ததை வாங்கிக்கணும். உம்ம வீட்டில நீரு ஒரு பரதேசி, அவ்வளவுதான்."

"என் வீட்டுக்காரி ஆவுடைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதே அம்மை."

"அது எனக்கும் தெரியும்."

"அப்போ நான் எழுதுனா யாரு வாசிப்பா?"

அம்மை அடுத்த இணுக்கை எடுத்தார். பதில் வராது என்று தெரிந்ததும் திருவம்பலம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

விரதத்தைப் பற்றி அவர் மனைவி ஆவுடையம்மைக்கு மடத்திலிருந்து முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. வீடு கொஞ்ச நாள் அமைதியாக இருக்கட்டுமே என்று நினைத்திருப்பாள்.

முதல் நாள் உச்சி வெயிலில் திருவம்பலம் வீட்டுக்கு வந்தார். செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளே ஒரு சின்னப் பாவாடை சரசரத்து ஓடுவது அவர் காதில் விழுந்தது. தொண்டை வறண்டிருந்தது. முற்றத்து மணலைக் கையால் நிரவி, விரலால் எழுதினார். மோர்.

ஆவுடையம்மை குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இது எனக்கு என்ன தெரியும்? வெத்திலையா?"

வெற்றிலைப் பெட்டி வந்தது. வாங்கி வைத்துக்கொண்டார்.

"அது இல்லையா? வேர்த்து ஊத்துது, விசிறியாத்தான் இருக்கும்."

விசிறி வந்தது. அதையும் வாங்கிக்கொண்டார். பிறகு தலையணை வந்தது. துண்டு வந்தது. போன வருஷம் காணாமல் போன காதுக்குறும்பி வாங்கி ஒன்றுகூட எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் சுற்றிலும் வைத்துக்கொண்டு, ஒரு வாய் மோருக்கு வழியில்லாமல், ஊரிலேயே பெரிய வாசிப்புக்காரர் நடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எழுதுனா ஆச்சா? வாசிக்க ஆள் வேண்டாமா?" என்று ஆவுடையம்மை அலுத்துக்கொண்டாள்.

நெல் கொட்டி வைக்கிற மண் குலுக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு கண் தெரிந்தது. பிறகு பாதி முகம். அந்தப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து பார்க்காத காட்சி அது. எல்லாம் தெரிந்த அம்மா தெரியாமல் விழிக்கிறாள். எந்நேரமும் பேசுகிற அப்பா பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அவளை யாரும் கூப்பிடவில்லை, உட்காரச் சொல்லவில்லை. அவள் ஒவ்வோர் அடியாக வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு எட்டி மணலைப் பார்த்தாள்.

வெகுநேரம் பார்த்தாள். அப்பா ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டியதை எல்லாம் தூணோரம் நின்று பார்த்திருந்த கண் அது. உதடு மட்டும் அசைந்தது.

"மோர்" என்றாள், தனக்குள் சொல்கிறமாதிரி.

"என்னட்டி சொன்ன?"

"மோருன்னு எழுதியிருக்கு."

ஆவுடையம்மை புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையாட்டக் கூடாது. ஆட்டவில்லை. அவள் அடுக்களைக்குள் போய் உப்புப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றாள். செம்பு காலியானதும் அவள் மணல் பக்கம் திரும்பினாள். குனிந்து அந்த எழுத்தை, அது கலைந்துவிடாமல், விரல் நுனியால் தொட்டாள்.

"அம்மா, இதுக்குள்ள இருந்து மோரு வந்துட்டு" என்றாள்.

திருவம்பலம் காலிச் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நினைவு தெரிந்த நாளிலிருந்து எழுத்தோடு கிடக்கிறவர் அவர். ஏடு ஏடாக வாசித்திருக்கிறார், பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஒரு மனுஷன் மனசுக்குள் இருக்கிற தாகத்தை மணலில் விரல் கீறி இன்னொரு மனசுக்குள் கொண்டுபோய் வைக்கிறது, அதற்கு மோர் வந்து நிற்கிறது. இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றியதில்லை. ஐந்து வயசு தாண்டாத பிள்ளை சொல்லித்தான் அவருக்கே அது தெரிந்தது.

மறுநாள் அவர் வரும்போது மணல் ஏற்கெனவே நிரவி வைக்கப்பட்டிருந்தது. பிள்ளை குலுக்கைக்கும் மணலுக்கும் நடுவில் நின்றாள். அதற்கடுத்த நாள் மணலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் விரல் மணலைத் தொட்டதும் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். விளக்கு என்று எழுதினால் விளக்கு வந்தது. துண்டு என்று எழுதினால் துண்டு வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். வீட்டில் அவள் சொல்லுக்கு இப்போது பெரிய மதிப்பு. அவள் வாசித்துச் சொல்லாவிட்டால் தகப்பனாருக்குச் சோறு இல்லை.

ஒரு மத்தியானம் அவர் படுக்கப் பாய் கேட்டு எழுதினார். பிள்ளை முதல் எழுத்தை வாசித்தாள். மற்றதைப் பார்க்கப் பொறுமை இல்லையோ, வேறு ஆசையோ, நிமிர்ந்து, "அம்மா, அப்பாவுக்குப் பாயசம் வேணுமாம்" என்றாள்.

திருவம்பலத்தின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முதல்ல இருந்து. அந்தச் சொல் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே நின்று இடித்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆவுடையம்மை வெல்லம் உடைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பாயசம் வந்தது. விரதப்படி வாங்கிக் குடித்தார். பிள்ளைக்கும் ஒரு கிண்ணம் கிடைத்தது. அன்று அவர் வெறுந்தரையில் படுத்தார்.

மறுநாள் மடத்தில் அவர் அம்மையிடம் முறையிட்டார்.

"அம்மை, பிள்ளை தப்பா வாசிக்கா. திருத்தாம விட்டா அதுவே பழகிரும்."

"என்ன வாசிச்சா?"

சொன்னார்.

"பாயசம் நல்லா இருந்துதா?"

"நல்லாத்தான் இருந்துது."

"அப்புறம் என்ன?"

திருவம்பலத்துக்குக் கோபம் வந்தது. குருவிடம் கோபப்படக் கூடாது என்பதால் ஆற்றுப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். ஆனால் இரண்டு நாள் கழித்து அவர் மறுபடியும் பாய் என்று எழுதியபோது, பிள்ளை வெகுநேரம் அதையே உற்றுப் பார்த்தாள். "ச்சே, பாயி" என்று ஏமாந்த முகத்தோடு சொல்லிவிட்டு அவளே போய் இழுத்துக்கொண்டு வந்தாள். யாரும் அவளுக்கு எதையும் சொல்லவில்லை.

பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் ஓதல் சீக்கிரமே முடிந்துவிட்டது. வழியில் செருப்பின் வார் அறுந்துபோனது. அவர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வந்தார். அதனால் அவர் வந்த சத்தம் வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை. உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. கதவோரமாக நின்று பார்த்தார்.

முற்றத்தில் மணலுக்கு முன்னால் ஆவுடையம்மை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே உலகம்மை. நடுவில், காலையில் அவர் எழுதிவிட்டுப் போன எழுத்துகள் கலையாமல் கிடந்தன.

"நீ வெளாடப் போயிட்டா அப்பா எழுதுறத யாரு வாசிக்கது? எனக்கும் ரெண்டு சொல்லிக் குடுட்டி" என்று அவள் கேட்டிருக்க வேண்டும். பாடம் நடந்துகொண்டிருந்தது.

"இது என்ன, சொல்லு."

ஆவுடையம்மை சொன்னாள்.

"அடுத்தது?"

ஆவுடையம்மை யோசித்து ஒன்றைச் சொன்னாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் போடவில்லை.

"முதல்ல இருந்து."

கதவோரம் நின்ற மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அது அவர் குரல். அந்த இழுப்பு, அந்த நிதானம், கண்ணை மூடுகிற விதம் எல்லாம் அப்படியே இருந்தது.

ஆவுடையம்மை முதலிலிருந்து வந்தாள். அதே இடத்தில் பிசகினாள்.

"முதல்ல இருந்து."

இன்னொரு தடவை வந்தாள். இன்னொரு தடவை பிசகினாள். அவள் முகம் சுண்டிப்போனது.

"அட, போட்டி. எனக்கெல்லாம் இது வராது. அடுப்புல வேலை கிடக்கு."

அவள் எழுந்துகொள்ளப் போனாள். பிள்ளை கண்ணைத் திறந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ அந்த முகத்தில், அவசரமாக அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"சரிம்மா, அத விடு. அது நான் சொல்லுதேன். நீ அடுத்ததப் பாரு. அடுத்தது லேசுதான்."

ஆவுடையம்மை மறுபடி உட்கார்ந்தாள்.

திருவம்பலம் சத்தம் காட்டாமல் தெருவில் இறங்கினார். வாயைத் திறக்க விரதம் தடை.  எத்தனை பேரை முதலுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார் அவர். அவர்களில் ஒருவர் முகத்தையாவது கண்ணைத் திறந்து பார்த்ததுண்டா என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. தெருக்கோடி வரைக்கும் போய் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூரத்திலேயே கனைத்துக்கொண்டு திரும்பி வந்தார். பிள்ளை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். ஓடவில்லை.

பௌர்ணமி வந்தது.

"விரதம் முடிஞ்சுது. போம்" என்றார் அம்மை.

இத்தனை நாள் தேக்கி வைத்த சொல் எல்லாம் திருவம்பலத்தின் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. எல்லாம் நல்ல சொல்தான். பிள்ளையைக் கொஞ்ச வேண்டும், மெச்ச வேண்டும், மடியில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். கிட்டத்தட்ட ஓட்டமாகத்தான் வீட்டுக்கு வந்தார். உலகம்மை முற்றத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மணல் நிரவிக்கொண்டிருந்தாள்.

"உலகம்மா" என்று வாய் நிறையக் கூப்பிட்டார்.

பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே ஓட்டம். பாவாடை சரசரத்தது. குலுக்கைக்குப் பின்னால் போய்விட்டாள்.

ஆவுடையம்மை அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள். குலுக்கையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். ஏதாவது திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

குலுக்கைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். இன்னொரு தரம் கூப்பிட அவருக்குத் துணிவு இல்லை. எல்லாம் போயிற்று என்று நினைத்தார். நிலைப்படியில் கிடந்த வெயில் மெல்ல நகர்ந்து முற்றத்துக்குப் போனது.

அப்போது குலுக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்தது. குலுக்கையடியில் எப்போதும் நெல்தூசி படிந்திருக்கும். அந்தத் தூசியில் விரல் இறங்கியது. நின்றது. வளைந்தது. மறுபடி நின்றது. மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. எழுதி முடித்ததும் கை உள்ளே போய்விட்டது.

திருவம்பலம் முழங்காலில் ஊர்ந்து போய்க் குனிந்தார்.

அப்பா எழுது.

யாரும் பிடித்து எழுத வைக்காத கை. யாரும் சொல்லித் தராத வரி. கொஞ்சம் முன்பு வரைக்கும் அவள் மனசுக்குள் இருந்தது இப்போது அவர் மனசுக்குள் இருந்தது. தினமும் அவளை உட்கார வைத்து அவர் அதட்டிய அதே சொல்தான், ஆனால் அவள் அவரை அதட்டவில்லை. கேட்டுக்கொண்டாள். அவர் வாசித்தார். மறுபடி வாசித்தார். கண்ணீர் ஒரு சொட்டு தூசியில் விழுந்தது. எழுத்து நனைந்துவிடக் கூடாதே என்று சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு அதன் பக்கத்திலேயே ஓர் எழுத்து எழுதினார்.

வா.

குலுக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு கண் எட்டி அந்த எழுத்தைப் பார்த்தது. பிறகு பிள்ளை வெளியே வந்தாள். நேராக வந்து அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு, இன்னும் ஏதாவது எழுது என்கிறமாதிரி அவர் விரலைப் பிடித்துத் தூசியில் வைத்தாள்.

மறுநாள் காலையில் திருவம்பலம் மடத்துக்கு வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னார். அம்மை பூஜைப் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை எழுதிட்டா அம்மை. வெளியவும் வந்துட்டா. ஆனா என் குரலக் கேட்டா பயப்படுதா. எழுதுனா வாரா, பேசுனா ஓடுதா. நான் ஆயுசுக்கும் இப்படியே வாயக் கட்டிக்கிட்டு இருக்கணுமா? இருக்கச் சொன்னா இருக்கேன்."

அம்மை பாத்திரத்தைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

"அவ எழுதுனாளே, அதில பிழை ஏதும் இருந்துதா?"

திருவம்பலம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிழையைப் பற்றி யார் கேட்டாலும் யோசிக்காமல் சொல்லுகிறவர் அவர். கண்ணை மூடிப் பார்த்தார். அந்தத் தூசி தெரிந்தது, சின்ன விரல் தெரிந்தது, அது நின்று நின்று வளைந்தது தெரிந்தது. கண்ணைத் திறந்து அம்மையைப் பார்த்தார். தன்னையே நம்ப முடியாதவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"தெரியலை அம்மை. நான் அதப் பாக்கலை. வாசிச்சேன், அவ்வளவுதான்."

அம்மை பாத்திரத்தை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

"அப்போ இனி பேசலாம், போம்."